டிகிரி அண்ணாச்சியும் காணாமல் போன இரண்டு கிலோவும்

தூத்துக்குடியில் எழுபதுகளில் டிகிரி அண்ணாச்சி அளந்து பார்க்காத தண்ணீர் ஏதாவது இருந்தது என்றால், அது மேகத்தை விட்டு இன்னும் இறங்காத தண்ணீராகத்தான் இருக்கும். கடல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஹோட்டல் ரசம், கோயில் தீர்த்தம், மானேஜர் குடித்து மீதி வைத்த காப்பி என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. தோளில் தொங்கும் துணிப்பையிலிருந்து ஒரு நீளமான கண்ணாடிக் குழாயை எடுப்பார். மிதக்க விடுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்ப்பார். "ஒண்ணே கால்" என்பார். ரசம் பரிமாறியவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, திட்டு என்று எடுத்துக்கொள்வதா தெரியாமல் வாளியோடு நிற்பார்.

உப்பளத்தில் தண்ணீரின் கனத்தை டிகிரி கணக்கில்தான் சொல்வார்கள். கடலிலிருந்து வாய்க்காலில் ஏறும் தண்ணீர் மூன்று டிகிரி சொச்சம். பாத்தியில் வெயில் குடிக்கக் குடிக்க அது ஏறிக்கொண்டே போகும். இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு விழும். எங்கள் கம்பெனி அளத்தில் அதை அளப்பதற்கு என்றே தகரக்கூரை போட்ட ஓர் அறை இருந்தது. வாசலில் 'லேபரட்டரி' என்று எழுதியிருக்கும். உள்ளே இரண்டு பேர். பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இருபத்து நான்கு வயதில் வந்து இறங்கிய நான் இன்-சார்ஜ். எனக்குக் கீழே, எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை கோட்டைவிட்ட, நாற்பது வயதுக்கு மேற்பட்ட அட்டெண்டர் அவர். பட்டம் வாங்கிய என்னை எல்லோரும் வெறும் 'சார்' என்பார்கள். வாங்காத அவர்தான் 'டிகிரி'. இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தியது.

அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். எழுதாமலே இருந்திருக்கலாம்.

ஒரு சித்திரை மாதம் மானேஜர் மேஜையில் ஒரு கடிதம் கிடந்தது. 'நம் அளத்தில் தினமும் ஆள் ஒன்றுக்கு இரண்டு கிலோ சரக்கு காணாமல் போகிறது. உடனே கவனிக்கவும்.' கையெழுத்து டிகிரி அண்ணாச்சியுடையது. மானேஜருக்கு வேர்த்துவிட்டது. கேட் வாட்ச்மேன் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, யார் மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள், யார் ஓலைப்பெட்டியில் ஒளித்துக்கொண்டு போகிறார்கள் என்று விசாரணை. கடைசியில் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"எந்த வழியாவே உப்பு போகுது?"

"உப்பு இல்ல சார். ஆளு."

"ஆளா?"

"காலைல தராசுல நிறுத்தேன். சாயங்காலம் நிறுத்தேன். பேச்சியம்மா ரெண்டு கிலோ இல்ல. அவ வீட்டுக்காரன் சுடலைமுத்து ரெண்டரை கிலோ இல்ல. தண்ணியா வெளிய போயிருக்கு. நாம மத்தியானம் குடிக்கக் குடுக்கது ஆளுக்கு ரெண்டு செம்பு. மிச்சத்துக்கு யாரு பொறுப்பு?"

மானேஜர் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மூட்டை நிறுக்கிற தராசில் பேச்சியம்மாள் என்ற அளத்துப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறி நின்றாள். பின்னால் முப்பது பேர் வரிசை. உப்பு மூட்டைகள் ஓரத்தில் தேமே என்று கிடந்தன. "என்னவே, ஆளுகள ஏற்றுமதி பண்ணப் போறீரா?" என்று அவர் கத்தியது கடல்வரை கேட்டிருக்கும்.

அண்ணாச்சி அசரவில்லை. அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைத் திறந்தபடியே அதை எனக்குச் சொல்வார்.

"பி.எஸ்ஸி சார், ஒங்க புஸ்தகம் எழுதினவன் ஒடம்ப எஞ்சின்னு நெனச்சு எழுதியிருக்கான். கரியப் போடு, ஓடும். அது தப்பு. ஒடம்பு ஒரு அளம். ஒரு பக்கம் தண்ணி வந்துக்கிட்டே இருக்கணும். ஒரு பக்கம் வெயில் குடிச்சிக்கிட்டே இருக்கும். உள்ள உப்பு இத்தன டிகிரின்னு நிக்கணும். மடைய அடச்சா என்ன ஆவும்?"

"உப்பு விழும்" என்பேன், கேலியாக.

"ஆளு விழுவான் சார்" என்பார். பிறகு நிதானமாக மோர்மிளகாயைக் கடிப்பார்.

அவருடைய ஆராய்ச்சிகளில் நாற்றமடித்தது ஒன்று உண்டு. அளத்து ஆட்களின் சிறுநீரைப் பாட்டிலில் வாங்கி அதிலும் குழாயை மிதக்கவிட்டார். எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டில்களில் ஒன்று எங்கள் சாம்பிள் அலமாரியில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் பட்டதாரி அல்லவா, முறைப்படி எடுத்து, அளந்து, ரிஜிஸ்டரில் எழுதினேன். 'கடல் வாய்க்கால் தண்ணீர். நான்கு டிகிரி. லேசான மஞ்சள் நிறம். பாசி இருக்கலாம்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

வாய்க்காலில் பாசி என்றதும் மானேஜர் மெனக்கெட்டு ஆள் வைத்து வாய்க்காலைச் சுத்தம் செய்தார். மூன்றாம் நாள் அண்ணாச்சி ரிஜிஸ்டரைப் புரட்டியவர், என் கண்ணெதிரிலேயே, ஆனந்தமாக, "சார், இது வாய்க்கால் இல்ல, சுடலைமுத்து!" என்றார். அறைக்கு வெளியே பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அந்த வருஷம் முழுக்க அளத்தில் என் பெயர் பாசி சார்.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை என்பது இன்றைக்குப் புரிகிறது. அவருடைய சந்தோஷமே வேறு. "பாத்தியளா, கடலே மூணு சொச்சந்தான். இவன் நாலு. கடலவிடக் கனமா ஒருத்தன் ஒண்ணுக்குப் போறான்னா, அவன் ஒடம்புல எவ்வளவு வறட்சி!" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் வாங்கவில்லை. பத்துப் பேர் சிரித்தது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கு குளிக்கப் போய்விட்டுத் திரும்பும் வள்ளங்களுக்காகக் கரையில் காத்திருப்பார். ஆள் இறங்கியதும் முதல் கேள்வி, "தண்ணிக்குள்ள இருந்து ஏறுனதும் ஒண்ணுக்கு முட்டுதா?" முத்துக் குளித்த பரம்பரையில் வந்த ஒரு பெரியவர், "ஏலே, எல்லாவனும் சங்கு எத்தனன்னு கேப்பான். இவன் என்னலே இதக் கேக்கான்?" என்று துடுப்பை ஓங்கிவிட்டார். பிறகு ஓங்கிய துடுப்பை இறக்கி, கொஞ்சம் யோசித்து, "ஆமா, முட்டத்தான் செய்யிது. ஏன்?" என்றார். "அதான் எனக்கும் தெரியல" என்றார் அண்ணாச்சி. இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். தண்ணீருக்குள் மூழ்கினால் உடம்பு ஏமாந்துபோய், நமக்குத் தண்ணீர் அதிகம் என்று நினைத்து வெளியேற்றுகிறது என்பதை வெகுகாலம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்தக் கரையில் அப்போது நானும் நின்றிருந்தேன், தலையில் அடித்துக்கொண்டு.

எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்லமாட்டேன். உடம்புக்குள்ளே உப்புத் தண்ணீர்தானே என்று ஒரு நாள் காலையில் ஒரு செம்பு கடல் தண்ணீரைக் குடித்துவிட்டார். நான்கு நாள் லேபரட்டரிப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் கன்னம் ஒட்டிப்போய் வந்து, தன் நோட்டில் 'தப்பு' என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு கம்பெனி டாக்டரிடம் கெஞ்சி, நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலின் லேபிளைப் படித்தார். உப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. "கடல்ல கால் பங்கு! ரொம்ப அடிச்சிட்டேன் சார்" என்றார். அடுத்த ஒரு மாதம் கஞ்சித் தண்ணீரில் உப்பு, கருப்பட்டி என்று எதையெதையோ கலந்து குடித்துப் பார்த்தார். ஒரு நாள் கண் பளபளக்க வந்தார்.

"சார், உப்பு தனியாப் போனா கொடலு வாங்கமாட்டேங்கு. கூட இனிப்பு இருந்தா வாங்குது. இனிப்பு கையப் புடிச்சிக்கிட்டுத்தான் உப்பு உள்ள போவுது. பின்னாலயே தண்ணியும் போவுது."

"கல்யாண மேளம் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

வாரத்தில் இரண்டு நாள் வரும் கம்பெனி டாக்டர் நல்ல மனிதர். கோபப்படமாட்டார். வயிற்றுப்போக்கு என்று யார் போனாலும், வயிற்றுக்கு ஓய்வு வேண்டும், வாயில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்பார். அன்றைக்கு எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். என் அம்மாவும் அதைத்தான் சொல்வாள். அண்ணாச்சி ஒரு தடவை டாக்டரிடமே கேட்டுவிட்டார்.

"ஊசி வழியாப் போனா மருந்து. அதே உப்புத் தண்ணி வாய் வழியாப் போனா வெசமா சார்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே, "போறது நிக்காதுய்யா. நீ உப்பப் பாரு, நான் ஒடம்பப் பாக்கேன்" என்றார். நான்தான் உரக்கச் சிரித்தேன். பாசிக்குப் பழி வாங்கிய மாதிரி இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஒரேயடியாகக் கொட்டியது. அளத்தில் வேலை கிடையாது. ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளைச் சுற்றித் தண்ணீர். குடிதண்ணீர்த் தொட்டியில் எது கலந்ததோ, இரண்டு நாளில் இருபது பேருக்கு மேல் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். கம்பெனி கிடங்கைக் காலி செய்து, நடுவே சாக்குத் தட்டி கட்டி, ஒரு பக்கம் ஆண்களையும் மறுபக்கம் பெண்களையும் படுக்க வைத்தோம். டாக்டர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, கையிலிருந்த சலைன் பாட்டில்களை முடியாதவர்களுக்கு ஏற்றினார். பாட்டில் தீர்ந்துபோனது. டவுனிலிருந்து எடுத்து வருகிறேன் என்று ஜீப்பில் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "நீங்க படிச்சவரு. நான் வார வர யாருக்கும் வாயில தண்ணி குடுக்க விடாதிய." அப்போது காலை ஒன்பது மணி இருக்கும். நான் ஆண்கள் பக்கத்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். படித்தவனுக்குக் கிடைத்த பதவி.

பத்து மணிக்கு டிகிரி அண்ணாச்சி ஒரு பெரிய அலுமினியச் சட்டியோடு வந்தார். உள்ளே கஞ்சித் தண்ணீர், பழுப்பாக. குழாயைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"அளந்துதான் கொண்டாந்திருக்கேன். வழிய விடுங்க சார்."

"டாக்டர் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அவரு வாரதுக்குள்ள இவனுவ வத்திருவானுவ. சுடலைமுத்து கண்ணப் பாருங்க, குழிக்குள்ள போயிட்டு. தோலக் கிள்ளுனா அப்படியே நிக்கி. சாயங்காலத்துப் பாத்தி கெணக்கா வத்தியிருக்கான்."

"ஒங்க அளத்துக் கதையெல்லாம் இங்க வேண்டாம் அண்ணாச்சி. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"நான் சொல்லுதேன்."

"நீங்க யாரு? டாக்டரா?"

இதைக் கேட்டதும் அவர் சட்டியைக் கீழே வைத்தார். ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் சுடலைமுத்து, "சார்... ஒரு மடக்கு..." என்றான். குரலே வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணாச்சி என்னைத் தாண்டி அவனைப் பார்த்தார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

போனவர் கிடங்கைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் பெண்கள் இருந்த பகுதிக்குள் போயிருக்கிறார். அங்கே காவல் யாரும் இல்லை. பேச்சியம்மாளுக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் கரண்டி கரண்டியாக ஊட்டியிருக்கிறார். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. "குடி தாயி, இன்னொரு மடக்கு" என்ற அவர் குரல் சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு லேசாகக் கேட்டது. கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். தப்பு என்று பட்டிருந்தால் போய்த் தடுத்திருக்க வேண்டும். சரிதான் என்று பட்டிருந்தால் இந்தப் பக்கமும் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை.

சுடலைமுத்து பிற்பகல் இரண்டு மணிக்கு இறந்தான். ஜீப் நாலரை மணிக்கு வந்தது.

கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நானும் இத்தனை வருஷமாக அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்த ஆறு பெண்களும் எழுந்து நடந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

மானேஜர் எழுத்துமூலமாக ரிப்போர்ட் கேட்டார். ஓர் உயிர் போயிருக்கிறது, டாக்டர் உத்தரவை மீறி யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள், மேலே பதில் சொல்ல வேண்டும். நான் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அண்ணாச்சியின் முழுப்பெயரை எழுதி, மேற்படி நபர் உத்தரவை மீறினார், ஏற்கெனவே சாம்பிள்களைக் குழப்பியவர், நிறுவனத்தின் தராசைத் தவறாகப் பயன்படுத்தியவர் என்று வரிசையாக எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அவர் கொடுத்தது பெண்களுக்கு, இறந்தது ஆண் என்பதை மட்டும் எழுதவில்லை.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போகிற அன்றைக்கு லேபரட்டரிக்கு வந்து கண்ணாடிச் சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். "வாரேன் சார்" என்றார். நான் ரிஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்து நாள் கழித்துப் பேச்சியம்மாள் வந்தாள். "டிகிரி அண்ணாச்சி எங்க சார்?" என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். வாசலிலேயே நின்றாள்.

"அன்னைக்கு சாக்குக்கு அங்கிட்டுப் பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு சார்" என்றாள். "எங்க வீட்டுக்காரவுகளுக்கும் ஒரு மடக்கு குடுத்திருக்கலாம்லா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலைந்து வருஷம் போயிற்று. அதற்குள் நான் அந்த வேலையை விட்டு டவுனில் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். பாட்டில் ஏற்றச் சொல்வார்கள் என்று பார்த்தால், இளம் டாக்டரம்மா ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "தண்ணியில கலந்து வாய் வழியாவே குடுத்துக்கிட்டே இருங்க" என்றார். உள்ளே என்ன என்று கேட்டேன். உப்பும் சர்க்கரையும்தான் முக்கியம் என்றார். சர்க்கரை எதற்கு என்று கேட்டேன். எனக்கு விடை தெரியும், ஆனாலும் கேட்டேன்.

"சர்க்கரையோட சேந்துதான் குடல் உப்ப உள்ள எடுக்கும். உப்பு போனா தண்ணியும் கூடப் போகும்" என்றார் அவர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோனார்.

அந்த ஞாயிறே பஸ் ஏறினேன். அண்ணாச்சியின் ஊர்ப்பக்கமான சாத்தான்குளத்தில் இறங்கி விசாரித்து, ஒரு மைல் நடந்தேன். அண்ணாச்சி தன் மைத்துனரின் பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டிருந்த கொத்தமல்லியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். இந்தத் தடவை சார் என்று கூப்பிடவில்லை.

"தம்பி, வாங்க வாங்க! ஏளா, ஒரு எல போடு. தூத்துக்குடியில இருந்து நம்ம தம்பி வந்திருக்கு."

சாப்பிடும்போது பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை, வேறு என்ன என்று துளைத்தார். "நாட்டுல எல்லாருக்கும் குடுக்கானுவளா?" என்று மூன்று தரம் கேட்டார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. நான் சோற்றில் கையை வைத்தபடியே சொன்னேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் வழி மறிச்சது..."

"நான்தான் தள்ளிட்டுப் போயிருக்கணும்" என்றார் அவர். "அப்ப நீங்க ஒல்லியாத்தான் இருந்திய. ஒரு கையால தள்ளியிருக்கலாம். டாக்டரான்னு நீங்க கேட்டியள்லா, அதுல கொஞ்சம் அசந்துட்டேன். படிச்சவுக சொல்லுதாக, நம்ம நெனப்புத் தப்போ, அந்தக் கடல்தண்ணி மாதிரி ஆயிருமோன்னு ஒரு பயம். பொம்பளையளுக்குக் குடுத்துப் பாத்து, நல்லாருந்தா திரும்ப வருவோம்னு நெனச்சேன். வாரதுக்குள்ள அவன் போயிட்டான்."

இவ்வளவு வருஷமும் அவர் அந்தச் சாவைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் எழுதியதைப் பற்றியும் சொன்னேன், அதில் எதை விட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார்.

"அது தெரியும் தம்பி. சரி விடுங்க. தப்பு ரெண்டு பேருதும்தான். பாதிய நீங்க வச்சுக்கிடுங்க, பாதி எங்கிட்ட இருக்கட்டும். முழுசாத் தூக்கிட்டு அலைஞ்சா ஒருத்தனால முடியாது."

பஸ் வரும்வரை கூடவே நின்றார். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். பையில் ஒரு சிப்பம் கருப்பட்டியைத் திணித்தார்.

அதற்குப் பிறகு அவர் பதினோரு வருஷம் இருந்தார். நான் இரண்டு தடவைதான் போனேன். மகள் பரீட்சை, ஆபீஸ் ஆடிட், வெயில் என்று எதையாவது சொல்லிக்கொள்வேன். உண்மையில் சாத்தான்குளம் ஒன்றும் தூரமில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான்.